மோட்டாரோடு ஸ்ருதி சேர்ந்த கிடார்

கிடார் கம்பி அறுத்த விரல் நுனியில் உப்பளத்துத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடை விடுமுறை முழுக்க என் இடது கை விரல்கள் நான்கும் நுனித்தோல் உரிந்து, சிவந்து, மிளகாய் அரைத்த கை மாதிரி காந்திக்கொண்டே இருந்தன. அந்தக் காந்தலோடு பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து, கையை உப்புத் தண்ணீரில் ஊன்றி, "யம்மா!" என்று அலறிவிட்டு, அடுத்த நிமிஷமே எழுந்து சிரித்துக்கொண்டு ஓடிய ஒரே பைத்தியம் மரக்காணத்திலேயே நானாகத்தான் இருப்பேன். உப்பு வாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு என் விரல்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "நாங்க வவுத்துப் பாட்டுக்குக் கை வெந்து போயி நிக்கிறோம், நீ வேணும்னே கைய அறுத்துக்கினு வர்றியே, உனக்கின்னாடி தலயெழுத்து?" என்பாள். அவள் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டுதான் போனது, கையில் கிடார் இருக்கும்போது யார் திட்டினால் என்ன!

அந்தக் கிடார் என்னுடையது இல்லை, அதுதான் விஷயமே. எங்கள் மாதா கோயிலில் பூசைச் சாமான்கள் வைக்கும் அறையில், பழைய மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கும் பின்னால், பீரோவுக்குள் அது பல வருஷமாகத் தலைகீழாகக் கிடந்தது. பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வந்த பிறகு அதைத் தொட ஆளில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கப் போன இடத்தில் நான் அதைப் பார்த்தேன், பார்த்ததும் எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் எதற்கு என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், சில பேருக்கு நாய்க்குட்டியைப் பார்த்தால் தோன்றுமே, அப்படித்தான். பங்குத் தந்தையிடம் போய் நின்று, மூச்சுவிடாமல் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் சும்மா கொடுக்கிறவர் இல்லை.

"பள்ளிக்கூடம் தெறக்கிற வரைக்கும் வெச்சிக்கோம்மா. மே மாசக் கடைசியில நம்ம திருவிழா வருது இல்ல, அந்தப் பூசையில ஒரு பாட்டுக்காவது நீ வாசிச்சிட்டின்னா, கிடார் உனக்கே. இல்லன்னா பெருமுக்கல் பக்கம் ஒரு கிளைக் கோயில்ல ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடுவேன். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். கையில் கொடுத்தால் போதும் என்ற வெறியில் எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, எனக்குக் கிடாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது, திருவிழாவுக்கு இருப்பதோ ஆறு வாரம்.

என்னைக் காப்பாற்ற வந்தவள் நசீமா. கூனிமேட்டுக்காரி, பள்ளியில் என் பக்கத்து இடம், கணக்கில் வகுப்புக்கே முதல். அவள் பேசினால் எதிரில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும், ஏனென்றால் அவள் சொல்வது எப்போதும் சரியாகவே இருந்து தொலையும். அவளுடைய அண்ணன் மெயின் ரோட்டில் ஒரு சின்ன மொபைல் கடை வைத்திருந்தார். இன்டர்நெட்டில் இருந்து பாட்டும் படமும் இறக்கி மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பதுதான் அன்றைக்கு அந்தக் கடையின் முக்கிய வியாபாரம். கிடார் விஷயம் தெரிந்ததும் நசீமா அண்ணனை நச்சரித்து, கிடார் பாடம் நடத்தும் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோக்கள் இருபதோ முப்பதோ இறக்கி, ஒரு பழைய போனில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். தொப்பி போட்ட மனிதர், இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிக்குப் பாதி புரியவில்லை, ஆனால் விரலை எங்கே வைக்கிறார் என்று தெரிந்ததே, அது போதாதா?

இரண்டே வாரத்தில் மூன்று கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒரே வீச்சில் வாசிக்கும் ஸ்வரக் கூட்டு, பிடித்துவிட்டேன். அட, கோயில் பாட்டு பாதிக்கு மூன்று கார்டு போதும் என்ற திமிரோடு பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த சேவியர் அண்ணனிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவர் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர், கீபோர்டில் கெட்டிக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது கீபோர்டு சத்தத்துல கேக்கவே கேக்காதும்மா. சும்மா பக்கத்துல நிக்கிறதுக்கா கிடாரு? காணிக்கைப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னால பதினாறு எண்ணிக்கை எடம் வுடுறேன், அதுல நீ தனியா ஒரு பிட்டு வாசிக்கணும். அப்பதான் வாசிச்சேன்னு கணக்கு" என்றார். தனியாக வாசிக்க வேண்டும் என்றால் கார்டு உதவாது, ஒவ்வொரு ஸ்வரமாக ஓடத் தெரிய வேண்டும். தொப்பிக்காரர் வீடியோவில் அதற்கான பாடத்துக்கு 'மோட்ஸ்' என்று பெயர் போட்டிருந்தது.

இப்போது இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும், பயந்துவிடாதீர்கள். ஸ, ரி, க, ம என்று ஏழு ஸ்வரம் இருக்கிறது இல்லையா, அதே ஏழை ஸ-வில் தொடங்கி வாசித்தால் ஒரு மோட், ரி-யில் தொடங்கி ரி-யில் முடித்தால் வேறொரு மோட், க-வில் தொடங்கினால் இன்னொன்று. இப்படி ஏழு, ஏழுக்கும் ஏழு குணம், ஒன்று சிரிக்கும், ஒன்று அழும், ஒன்று பயமுறுத்தும் என்று அந்த மனிதர் கண்ணை உருட்டி உருட்டிச் சொன்னார். ஐயோனியன், டோரியன், ப்ரிஜியன், லிடியன் என்று வாயில் நுழையாத பெயர்கள் வேறு. நாங்களும் பத்து நாள் விழுந்து விழுந்து வாசித்தோம். எங்கே தொடங்கி எங்கே முடித்தாலும் எனக்கு ஏழும் ஒன்றாகத்தான் கேட்டது, ஒரே தோசையைத் திருப்பித் திருப்பிப் போட்ட மாதிரி. நசீமா போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு, "இந்த ஆளு நம்மள நல்லா ஏமாத்துறாண்டி. இன்னா சிரிக்குது, இன்னா அழுவுது? எல்லாம் ஒண்ணுதான்!" என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடார் பெருமுக்கல் பஸ்ஸில் ஏறிப் போவது என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் அப்பாவுக்கு வேலை உப்பளத்தில், மோட்டார் ஓட்டுவது. உப்புத் தண்ணீரை இழுத்துப் பாத்திகளுக்கு ஏற்றும் மோட்டார் அது, நடு அளத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டாய்க்குள் இருக்கும். சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை, மரம் என்று சொல்ல ஒரு கருவேல் கூடப் பக்கத்தில் கிடையாது, நிழல் வேண்டும் என்றால் அந்தக் கொட்டாய்தான். தினமும் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போவது என் பொறுப்பு. அன்றைக்கு வீட்டில் கிடாரை எடுத்தாலே பக்கத்து வீட்டுக்காரம்மா கைக்குழந்தை தூங்கவில்லை என்று சண்டைக்கு வந்ததால், ஒரு தோளில் கிடாரும் ஒரு கையில் சோற்றுத் தூக்குமாகப் போனேன், நசீமா போனோடு பின்னால் வந்தாள். "இருக்கிற சத்தம் போதாதுன்னு இது வேறயா?" என்று அப்பா முனகினார், ஆனாலும் ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. 'ம்ம்ம்ம்' என்று ஒரே சீராக, தகரத்தில் ஏறி, தரையில் இறங்கி, உட்கார்ந்த இடத்தில் எலும்புக்குள் கேட்கும் சத்தம். நான் எரிச்சலோடு, எதையாவது வாசித்துத் தொலைப்போம் என்று தொப்பிக்காரர் 'ஜி' என்று சொல்லும் மூன்றாவது கம்பியைச் சும்மா தட்டினேன். தட்டியதும் நசீமா என் கையைப் பிடித்தாள். மோட்டாரும் கம்பியும் ஏறக்குறைய ஒரே ஸ்வரம்! ஏறக்குறையத்தான், அந்தக் கொஞ்ச வித்தியாசத்தில் சத்தம் 'வாவ் வாவ் வாவ்' என்று அலையாக அடித்தது. நசீமா கம்பியை முறுக்கும் ஆணியைத் துளித்துளியாகத் திருக, அலை மெதுவாகி, மெதுவாகி, ஒரு கணத்தில் அடங்கிவிட்டது. அடங்கியதும் கம்பி எது, மோட்டார் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மற்ற ஐந்து கம்பிகளையும் அந்த ஒன்றை வைத்துச் சேர்த்தோம். பிறகு அதே ஏழு ஸ்வரத்தை அங்கிருந்து தொடங்கி வாசித்தேன் பாருங்கள், உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! பத்து நாளாகச் செத்துக் கிடந்த அதே ஸ்வரங்கள்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகத்தோடு எழுந்து நின்றன, கடைசிக்கு முந்தின ஸ்வரம் வந்தபோது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்த மாதிரி இருந்தது. வேறு ஸ்வரத்தில் தொடங்கிப் பார்த்தேன், அப்போதும் அதே மணம், அதே குணம், மறுபடி மறுபடி மோட்டாரிடமே போய் நின்றது.

நசீமா சாக்கில் இருந்து எழுந்தே விட்டாள். "ஏய் செலின், எங்க ஆரம்பிக்கிறோம்ன்றது ஒண்ணுமே இல்லடி! கீழ எது நிக்குது, அதான் எல்லாம்! மேல இருக்கிறது எல்லாம் அதப் பாத்துதான் சிரிக்குது, அழுவுது!" அவள் கத்திய கத்தலில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பா, பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று கம்பைத் தேடினார்.

மறுநாள் அவள் அண்ணனின் ஹெட்செட்டைக் கடையில் இருந்து சுட்டுக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அதே வீடியோவைப் போட்டோம். ஐயய்யோ, அதை எப்படிச் சொல்வேன்! தொப்பிக்காரர் வாசித்த ஒவ்வொரு மோடுக்கும் அடியில் ஒரு கனத்த ஸ்வரம் ஆரம்பத்தில் இருந்தே நின்றுகொண்டிருந்தது. தீப்பெட்டி அளவு ஸ்பீக்கருக்கு அந்த அடிச் சத்தத்தைத் தூக்கச் சக்தியில்லை, அதனால் பத்து நாளும் குழம்பு இல்லாத வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, சமையல் சரியில்லை என்று அந்த மனிதரைத் திட்டியிருக்கிறோம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் ஹெட்செட் வயர் ஒரு பக்கம் அறுந்தது. அதற்கு நசீமா வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாள், என் பெயரைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த அந்த ஒரு வாரம்! இத்தனை வயதில் எனக்கு எத்தனையோ நல்ல நாட்கள் வந்து போயிருக்கின்றன, அந்த ஏழு நாளுக்கு ஈடு இல்லை. மோட்டார் தன் ஸ்வரத்தை நமக்காக மாற்றிக்கொள்ளாது இல்லையா, அதனால் அதை அப்படியே நிற்கவிட்டு, மேலே இருப்பதை நாளுக்கு ஒன்றாக மாற்றினோம். எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்த லிடியனில் தொடங்கி, தினமும் ஒரே ஒரு ஸ்வரத்தை அரைக் கட்டை கீழே இறக்கினோம். ஒரு ஸ்வரம் இறங்க, ஒரு வெளிச்சம் அணையும். வாயில் நுழையாத பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நாங்களே பெயர் வைத்தோம். லிடியனுக்கு 'பன்னெண்டு மணி', ஏனென்றால் அதைக் கேட்டால் உச்சி வெயிலில் உப்பைப் பார்ப்பது போலக் கண் கூசும். அதில் நாலாவது ஸ்வரத்தை இறக்கினால் வருவதற்கு 'ஞாயித்துக்கெழம', அது கோயில் பாட்டின் சாயல். அதற்கடுத்து 'பஸ் ஸ்டாண்டு', அப்புறம் 'சாயங்காலம்', அதையும் இறக்கினால் 'சாவு வீடு', அதற்கும் கீழே 'பாம்பு'. ஏழாவதுக்கு மட்டும் நிற்கவே தரையில்லை, எப்படி வாசித்தாலும் கூசியது, அதற்கு நசீமா வைத்த பெயர் 'பல்வலி'. நடுவில் கரண்ட் போய்விட்டால் மோட்டார் நின்றுவிடும், உடனே எங்கள் பாம்பும் சாவு வீடும் வெறும் கம்பிச் சத்தமாகிவிடும். மோட்டார் சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருக்கிற ஊரில், கரண்ட் வரவேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டு தகரக் கூரையின் கீழே வெந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், அன்றைக்குச் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நசீமா என்னைவிட நன்றாக வாசித்தாள். நான் ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பிடிக்கிற ஒன்றை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "குடுறி" என்று வாங்கி, இரண்டாம் தடவையில் வாசித்துவிடுவாள். அப்போது மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும் அப்பா ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். நான் வாசிக்கும்போது நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரியும், உடனே கிடாரைத் திருப்பி வாங்கிவிடுவேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை கோயிலில் ஒத்திகை. நசீமாவும் கூட வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பதினாறு எண்ணிக்கைக்கு நான் 'பன்னெண்டு மணி'யில் ஒரு பிட்டு தயார் செய்து வைத்திருந்தேன், தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பேன். சேவியர் அண்ணன் கீபோர்டில் கார்டைப் பிடிக்க, என் இடம் வந்தது, வாசித்தேன். பாடகர் குழு மொத்தமும் முகத்தைச் சுளித்தது. ஒரு அக்கா காதையே பொத்திக்கொண்டாள்.

"ஸ்ருதியே சேரலியேம்மா!"

"கீபோர்டுதான் தப்பா இருக்குதுண்ணே" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். இரண்டு வாரமாக என் எலும்புக்குள் இறங்கியிருந்த ஸ்வரம் எனக்குத் தெரியாதா?

"ஏம்மா, இது மிஷினு. இது எப்பிடித் தப்பா இருக்கும்?"

"எங்கப்பாவுதும் மிஷினுதான்!" என்று கத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சேவியர் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது, நாளைக்குத் திருவிழா என்ற பதற்றம் வேறு. "காது இல்லாதவங்களுக்குக் கிடாரு வராதும்மா. நீ போயி அத பீரோல வெச்சிடு, நான் ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று அடுத்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஆறு வாரம், நான்கு விரல், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. கிடாரைக் கட்டிக்கொண்டு அங்கேயே பீடத்துப் படியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

கடைசிப் பெஞ்சில் இருந்து நசீமா எழுந்து வந்தாள். "அண்ணே, அந்த ஜி கட்டைய மட்டும் அமுக்கிக்கினே இருங்களேன், ஒரே நிமிஷம்." அவள் கேட்ட தோரணையில் அவரும் அமுக்கினார். கிடார் என் மடியில் இருந்தபடியே நசீமா ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஆறும் ஒரே அளவு மேல இருக்குதுண்ணே. ஒண்ணுக்கொண்ணு சரியாத்தான் இருக்குது. காது இல்லன்னா எப்பிடி ஆறும் ஒரே அளவு தப்பா இருக்கும்?" என்று அவரையே திருப்பிக் கேட்டுவிட்டு, மூன்றாவது கம்பியின் ஆணியைக் கீழே இறக்க ஆரம்பித்தாள். அந்த 'வாவ் வாவ்' அலை வந்தது, மெதுவாகியது, அடங்கியது. மற்ற ஐந்தையும் சேர்க்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. சேவியர் அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத வெச்சிம்மா ட்யூன் பண்ணீங்க ரெண்டு பேரும்?"

"இவங்கப்பா மோட்டார வெச்சி" என்றாள் நசீமா.

கோயில் என்றும் பார்க்காமல் மொத்தக் குழுவும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சேவியர் அண்ணனும் சிரித்தார், ஆனால் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஸாரிம்மா. காது இருக்குது. வா, முதல்ல இருந்து" என்றார். மோட்டார் முனகுவது கீபோர்டின் ஜி-யைவிடக் கொஞ்சம் மேலே, அரைக் கட்டை கூட இல்லாத அந்தத் துளி வித்தியாசம் கரண்டின் துடிப்பால் வருவது என்றெல்லாம் நான் புரிந்துகொள்ளக் கல்லூரிவரை போக வேண்டியிருந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கிடார் இன்னும் பெருமுக்கல் போகவில்லை என்பதுதான்.

திருவிழாப் பூசை. தோரணம், பூ, புதுப் பாவாடை, நிற்க இடமில்லாத கூட்டம், மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. காணிக்கைப் பாட்டு தொடங்கி, முதல் சரணம் முடிந்து, என் இடம் வந்தபோது எனக்குக் காதுக்குள் என் நெஞ்சுச் சத்தம்தான் கேட்டது. வாசித்தேன். பதினாறு எண்ணிக்கை எப்படிப் போனது என்று தெரியாது, கூட்டத்தில் உப்பளத்துப் பெண்கள் வரிசையில் அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. பூசை முடிந்ததும் ஃபாதர் என் தலையில் கை வைத்து, "உனக்கே" என்றார். அவ்வளவுதான், நான் தரையில் இல்லை!

கிடாரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கோயில் வாசலில், பலூன்காரர் பக்கத்தில், நசீமா நின்றிருந்தாள். உள்ளே வராமல் அங்கே நின்றே ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"நாலாவது நோட்ட ஏண்டி ஏத்தாம வுட்ட?" என்றாள். "பன்னெண்டு மணிய ஞாயித்துக்கெழம ஆக்கிட்டியே!"

நான் திகைத்துப் போனேன். பயத்தில் ஒரே ஒரு ஸ்வரம், ஒரே ஒரு தடவை, அரைக் கட்டை கீழே விழுந்திருக்கிறது. சேவியர் அண்ணனுக்குக் கூடத் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. இவளுக்குத் தகரக் குழாய் வழியாக, அவ்வளவு கூச்சலுக்கு நடுவில் தெரிந்திருக்கிறது. "குடுறி" என்று வாங்கி, நின்றபடியே காலை ஒரு கல்லில் தூக்கி வைத்து, அந்தப் பதினாறையும் வாசித்துக் காட்டினாள். கீழே மோட்டார் இல்லை, கீபோர்டு இல்லை, ஆனாலும் அந்த அடி ஸ்வரம் எனக்குக் கேட்டது. நாலாவது ஸ்வரம் ஏறி நின்றபோது வெயிலே ஒரு படி கூடின மாதிரி இருந்தது. பலூன்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிடார் எனக்கே என்று ஆன அந்த நாளில்தான், ஐந்து நிமிஷம் கூட ஆகாமல், அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துபோனது.

தெரிந்ததும் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு வருஷம் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்து, ஞாயிறு பூசைக்கு முன்னால் வாங்கிவிடுவேன், அதுவும் பெரிய மனசு பண்ணின மாதிரி. அடுத்த மே மாதம், வியாபாரத்துக்காக, அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா குடும்பத்தோடு சென்னைக்கு மாறுவது என்று முடிவானது. அவர்கள் கிளம்பிய காலை, கூனிமேட்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிடாரோடு போனேன். சும்மா கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள், எனக்குத் தெரியும், அவளுக்கு அவ்வளவு ரோஷம். அதனால் வழியெல்லாம் யோசித்து ஒரு பொய் தயார் செய்திருந்தேன்.

"எங்க வூட்ல உப்புக் காத்துல கம்பி எல்லாம் துருப் புடிக்குதுடி. நீ கொஞ்ச நாளு வெச்சிரு. நான் வந்து வாங்கிக்கிறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பத்திரமா வெச்சிருப்பேன். ஆனா வந்து எடுத்துக்கணும், சரியா?" என்றாள். பஸ் வந்தது. கிடாரின் கழுத்து ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க, அவர்கள் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு ஃபாதர், "கிடாரு எங்கம்மா?" என்று கேட்டதற்கு, "நல்லா வாசிக்கிறவங்ககிட்ட இருக்குது ஃபாதர்" என்றேன்.

இப்போது நான் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன். இந்த வருஷத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாடகர் குழு பென்டிரைவில் ட்ராக் போட்டுப் பாடுகிறது, தப்பே வருவதில்லை. அளத்தில் அந்தத் தகரக் கொட்டாய் இல்லை, தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடும் மோட்டார் வந்துவிட்டது, சத்தம் வெளியே வராது. சேவியர் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், கூனிமேட்டு மொபைல் கடை இருந்த இடத்தில் ரோடு அகலமாகிவிட்டது. இதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படுகிற ஜாதி இல்லை, அப்பாவுக்கு வயதான காலத்தில் காது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

நசீமா சென்னையில் இருக்கிறாள். பகலில் கணக்கு டீச்சர், சாயங்காலம் அவள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கிடார் கற்றுக்கொள்ள வருகிறார்கள். போன மாதம் போயிருந்தபோது அவர்களுக்கு லிடியன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், "பன்னெண்டு மணி" என்றுதான் சொன்னாள், பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். சுவரில் எங்கள் கிடார் தொங்கியது, புதுக் கம்பி, துடைத்துப் பளபளவென்று. நான் கிளம்பும்போது, எப்போதும் போல அதைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள்.

"உன் பொருள எடுத்துக்கினு போடி. எவ்ளோ நாளுதான் நான் காவல் காக்கிறது?"

"இன்னைக்கு பஸ்ல கூட்டமா இருக்கும்டி, அடுத்த தடவ எடுத்துக்கிறேன்" என்றேன். பன்னிரண்டு வருஷமாக அடுத்த தடவைதான்.